என் பேரில் இருந்த டி.டி.

ஆயிரத்து இருநூறு டிகிரி வரை ஏறுகிற சூளைக்குப் பக்கத்தில் நின்று நிதானமாக டீ குடிக்கிற ஆள் நான். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலில் இருக்கிற எல்லோருமே அப்படித்தான் குடிக்கிறார்கள் என்பதால் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் வெளியூர்க்காரர்கள் யாராவது கிடைத்தால் சொல்லிவிடுவேன். சொல்லாமல் விடுகிற சமாசாரம் ஒன்று உண்டு. எனக்கு ஊசி என்றால் ஆகாது. பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. பயப்படுவதற்கு முன்பே மயங்கிவிடுவதால் எனக்குப் பயப்பட நேரமே கிடைப்பதில்லை.

கொரோனா ஊசி முகாம் எங்கள் தொழிற்பேட்டைக்கு வந்தபோது, என் ஆட்களை வரிசையில் நிறுத்தி, "இதுக்குப் போயி யாராவது பயப்படுவாங்களா? எறும்பு கடிச்சாப்புலதான் இருக்கும்" என்று வீரம் பேசினேன். என் முறை வந்தபோது என்னை பெஞ்சில் படுக்கவைத்துத்தான் போட்டார்கள். ஒருவர் என் தலையைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் காலை. அதற்குப் பிறகு கம்பெனியில் நான் யாரையாவது திட்டினால், அவர் திரும்பிப் போகும்போது "எறும்பு, எறும்பு" என்று முணுமுணுப்பது காதில் விழும். காதில் விழாத மாதிரி இருந்துகொள்வேன்.

கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஷெட், ஒரு சூளை, மண் பிசைகிற மெஷின் ஒன்று. பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிறோம். கார்த்திகை நெருங்கினால் அகல் விளக்கும் செய்வோம். ஃபியூஸ் கட்டையை அரசாங்க ஆபீஸ்களுக்கு விற்க வேண்டுமென்றால் டெண்டர் போட வேண்டும். டெண்டருக்கு பேங்கில் டி.டி. எடுக்க வேண்டும். டிமாண்ட் டிராஃப்ட். அதைக் கவரில் வைத்து, கடலூருக்கு பஸ் ஏறி, அங்கே ஆபீஸில் இருக்கிற பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். இப்போதெல்லாம் பாதிக்கு மேல் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடுகிறது என்றாலும், சில ஆபீஸ்கள் இன்னும் அந்தத் தகரப் பெட்டியை விடவில்லை. நானும் என் சட்டைப் பையில் டி.டி. வைத்துக்கொண்டு அலைவதை விடவில்லை. டி.டி. என்ற இரண்டு எழுத்துக்கு உலகத்தில் வேறு பொருள் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றியதே கிடையாது.

எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கம், இருமலைக் கண்டுகொள்ளாமல் இருப்பது. நாள் முழுக்க மண் தூசியிலேயே இருப்பதால் யார் இருமினாலும், "மண்ணு இருமல்பா, ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டுக்க" என்று சொல்லி வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சளிக்கு வருகிற இருமலும் மண்ணு இருமல்தான், பீடிக்கு வருகிற இருமலும் மண்ணு இருமல்தான். என் மேசையில் வெல்ல டப்பா எப்போதும் இருக்கும். பாதியை எறும்பு தின்றுவிடும்.

இந்த லட்சணத்தில் இருந்த எனக்குக் கல்யாணமாகி ஐந்தாறு வருஷம் கழித்து, என் மனைவி உண்டானாள். இரண்டு பேருக்கும் வயது கொஞ்சம் ஏறிவிட்டிருந்தது. அதனால் அவளுக்கு ஒரு பங்கு கவலை என்றால் எனக்கு மூன்று பங்கு. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதையும் கேட்டுத் தெளிவு பண்ணிக்கொண்டுதான் அடுத்த வரிக்குப் போவாள். நான் எதையும் கேட்காமலேயே தெரிந்துகொண்டுவிட்டதாக நினைக்கிறவன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்தது. அம்மா வீடு இருக்கிற ஸ்ரீமுஷ்ணத்துக்கு அவளைக் கொண்டுபோய் விடுவதற்கு முன்னால், வழக்கமாகப் பார்க்கிற கிளினிக்கில் செக்கப்புக்கு அழைத்துப் போனேன். மறுநாள் ஒரு டெண்டருக்குக் கடைசி நாள். அதனால் டி.டி. என் சட்டைப் பையில் இருந்தது. அவள் கை நிறையக் கண்ணாடி வளையல்கள். அவள் கையை அசைக்கும்போதெல்லாம் வரிசையில் இருந்த மற்ற கர்ப்பிணிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, "இந்த மாசம் ஒரு ஊசி போட்டுக்கணும்" என்றார். "ரண ஜன்னிக்குப் போடுவோம்ல, அதோட கக்குவான் இருமலுக்கும் சேர்ந்து வர்றது."

என் மனைவி உடனே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. எனக்கும் அதே கேள்விதான். ஆனால் நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுல உயிரோட இருக்கிற கிருமி எதுவும் கிடையாதும்மா. அதனால ஊசியால அந்த நோய் வராது, உங்களுக்கும் சரி, குழந்தைக்கும் சரி. கை ஒரு ரெண்டு நாள் வலிக்கும், லேசா காய்ச்சல் அடிக்கலாம். பயப்பட வேண்டாம்" என்றார் டாக்டர். "கக்குவானுக்குக் குழந்தைக்கு நேரடியா ஊசி போடணும்னா ஒன்றரை மாசம் ஆகணும். அதுவரைக்கும் அது வெறுங்கையோட இருக்கும். இப்ப உங்களுக்குப் போட்டா உங்க உடம்புல எதிர்ப்புச் சக்தி உண்டாகி, தொப்புள் கொடி வழியா அதுக்குப் போயிடும். பொறக்கும்போதே கையில எடுத்துக்கிட்டு வரும்."

"எனக்காகப் போடறது இல்லையா மேடம், பாப்பாவுக்காகத்தானா?"

"ரெண்டு பேருக்கும்தான். ஆனா அதிக லாபம் பாப்பாவுக்கு."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும் விஷயம் புரிந்தது. கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சு ஏற்றாமல் சூளையிலிருந்து எடுத்த பீங்கான் மாதிரி, எதை ஊற்றினாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும் நிலையில் குழந்தை ஒன்றரை மாதம் இருக்கும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. இவ்வளவு நன்றாகப் புரிந்துகொண்டோமே என்று நான் உள்ளுக்குள் மெச்சிக்கொண்டிருக்கும்போது டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும் போட்டுக்கிட்டா நல்லது சார். பச்சப் புள்ளைக்கு இது பெரும்பாலும் வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்ட இருந்துதான் ஒட்டும்."

"எனக்கெதுக்கு மேடம்? நமக்கு இருக்கிறதெல்லாம் மண்ணு இருமல்தான்" என்றேன்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். வளையல் லேசாகக் குலுங்கியது. "அவரும் போட்டுக்குவார் மேடம்" என்றாள்.

ஊசி போடுகிற அறையில் ஒரு நர்ஸ் இருந்தார். வாய் ஓயாமல் பேசுகிற, நல்ல சிரித்த முகம். மருந்துக் கடையிலிருந்து வாங்கி வந்த இரண்டு டப்பாக்களையும் வாங்கி எங்கள் பெயர்களைப் பேனாவால் அவற்றின் மேல் எழுதினார். "ரெண்டு டி.டி.யா? ஜோடியா வந்துட்டீங்களா?" என்று அவர் சொன்னதாக என் மனைவி பிறகு சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. அந்த அறையின் ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியதுமே என் காது அடைத்துக்கொண்டுவிட்டது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து, வளையல்களை முழங்கைப் பக்கம் ஒதுக்கிவிட்டு, ஜாக்கெட் கையை மேலே ஏற்றினாள். நர்ஸ் அவளிடம் குழம்பு வைப்பது பற்றி ஏதோ கேட்டுக்கொண்டே போட்டுவிட்டார். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் ஆகிவிட்டது. "கொஞ்ச நேரம் வெளியில உக்காருங்கக்கா, போயிடாதீங்க" என்று அவளை அனுப்பிவிட்டு, "வாங்க சார்" என்றார்.

நான் முழுக்கைச் சட்டை போட்டிருந்தேன். கழற்றி ஆணியில் மாட்டும்போது பையில் டி.டி. பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்தேன். பஞ்சு கையில் பட்டது. சில்லென்று இருந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

கண் விழித்தபோது மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் கர்ப்பிணிகளைப் படுக்கவைத்துப் பார்க்கிற கட்டிலில் கிடந்தேன். சுவரில் கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம் என்னைப் பார்த்துச் சிரித்தது. வாசலில் ஏழெட்டு வயிறுகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு அம்மா தன்னுடைய எலுமிச்சம்பழ ஜூஸ் பாட்டிலை நீட்டி, "புள்ளத்தாச்சிக்குக் குடுக்கறத இந்த அண்ணனுக்குக் குடுங்க, பாவம்" என்றார். என் கையில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. விண்விண்ணென்று வலித்தது.

"ஒண்ணும் இல்ல சார், ஆயிடுச்சு, ஆயிடுச்சு" என்றார் நர்ஸ். அதற்குள் யாரோ, வலி எடுத்த கேஸ் வந்திருக்கிறது என்று கூப்பிட, அவர் ஓடிவிட்டார். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்துவிட்டேன்.

ஸ்ரீமுஷ்ணம் போகிற வழியெல்லாம் அவள் கையை ஜன்னல் கம்பியில் படாமல் வைத்துக்கொண்டாள். நான் என் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு முனகினேன். அன்று சாயங்காலம் அவளுக்கு லேசாகக் காய்ச்சல் அடித்தது. டாக்டர் சொன்ன மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கினாள். மறுநாள் எழுந்து இட்லி சாப்பிட்டாள். என் கைவலிதான் நாலு நாள் இருந்தது. கம்பெனியில் பிளாஸ்திரியைக் காட்டி, "பெரிய ஊசி. ரெண்டு நோய்க்குச் சேத்துப் போடறது. போட்டதே தெரியல" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் எறும்பு என்று சொல்லவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். மண் பிசைகிற மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கிளினிக் நர்ஸ்தான்.

"சார், உங்க டி.டி. இங்கியே இருக்குது சார். நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க."

எனக்குத் திக்கென்றது. சட்டையைக் கழற்றி மாட்டினோமே, விழுந்திருக்குமோ என்று நினைத்தேன். அப்புறம்தான் மறுநாளே கடலூருக்குப் போய்ப் பெட்டியில் போட்டது ஞாபகம் வந்தது. "இல்லியேம்மா, அத நான் அடுத்த நாளே போட்டாச்சே" என்றேன்.

"போட்டாச்சா? எங்க சார்?"

"கடலூர்ல."

"கடலூர்லயா? மயக்கம் ஏதுனா வந்துச்சா?"

கடலூர் வெயிலில் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோனதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். எவ்வளவு அக்கறையான நர்ஸ்! "அதெல்லாம் இல்லம்மா, நல்லபடியா போட்டுட்டேன்" என்றேன்.

"அப்ப இத என்னா சார் பண்றது? உங்க பேருதான் எழுதியிருக்குது."

"என் பேர்ல எப்படிம்மா இருக்கும்? ஆபீஸ் பேர்லதான எடுக்கணும்? அது வேற யாருதாவது இருக்கும். யாருக்கு வேணுமோ அவங்களுக்குக் குடுத்துடுங்க."

"வேற யாருக்குனா போட்டுடலாங்களா?"

"தாராளமா."

போனை வைத்துவிட்டு, கிளினிக்கில் டி.டி.யைக்கூடத் தவறவிடுகிற ஆட்கள் இருக்கிறார்களே என்று அந்த முகம் தெரியாத ஆளுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். பிறகு மறந்துவிட்டேன்.

மகள் பிறந்தாள். விருத்தாசலத்திலேயே பிரசவம், சுகப் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து தாயும் பிள்ளையும் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போனார்கள். நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போவேன். என் மாமியார் என்னை வாசலிலேயே நிறுத்தி, கை கால் கழுவவைத்து, சட்டையை மாற்றவைத்துத்தான் உள்ளே விடுவார். "மண்ணோட வராதீங்க மாப்ள, பச்ச ஒடம்பு" என்பார். நானும் நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவிக்கொண்டு போய் மகளைத் தூக்குவேன். அவள் தலை என் உள்ளங்கையில் அடங்கும். அந்த நேரத்தில் என்னைவிடப் பெரிய ஆள் விருத்தாசலம் தாலுக்காவிலேயே கிடையாது.

அப்போது கார்த்திகைக்கான அகல் வேலை முழுவீச்சில் நடந்துகொண்டிருந்தது. எனக்கும் இருமல் பிடித்துக்கொண்டது. முதலில் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு வந்தால் விடாமல் வந்தது. இருமி இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, மூச்சை இழுத்தால் தொண்டையில் ஒரு சத்தம் எழும்பி, குடித்த டீயும் வெளியே வந்துவிடும். அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி சரியாகிவிடும். "மண்ணு இருமல் மொதலாளி, இந்த வருசம் தூசி அதிகம்" என்றார்கள் ஆட்கள். வெல்லம் தின்றேன். இவ்வளவு கடுமையாக உழைக்கிறோமே என்று உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது. எங்கள் ஊரில் அப்படி இருமுகிறவன் சோம்பேறியாக இருக்க முடியாது.

ஸ்ரீமுஷ்ணத்தில் இருமல் வந்தால் முகத்தைத் தோளுக்குள் திருப்பிக்கொண்டு இருமிவிட்டு, மறுபடி மகளைக் கொஞ்சுவேன். மாமியார் கவலைப்பட்டபோது என் மனைவியே, "அது மண்ணு இருமல்மா, அவருக்கு எப்பவும் இருக்கறதுதான். அவருதான் ஊசியும் போட்டுக்கிட்டாரே" என்று எனக்காகப் பேசினாள்.

குழந்தைக்கு ஒரு மாதம் ஆனபோது எடை பார்க்கக் கிளினிக்குக்கு வந்தார்கள். நானும் போயிருந்தேன். டாக்டர் மகளின் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. வெளியே போகக்கூட முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமி, கடைசியில் அந்தச் சத்தத்தோடு மூச்சை இழுத்து நிமிர்ந்தால், டாக்டர் குழலைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எத்தனை நாளா இருக்குது?"

"மண்ணு இருமல் மேடம். ரெண்டு வாரமா கொஞ்சம் ஜாஸ்தி."

"இருமி முடிச்சா வாந்தி வருதா?"

"டீ மட்டும் மேடம். சோறெல்லாம் நிக்குது."

மேசை டிராயரிலிருந்து ஒரு மாஸ்க்கை எடுத்துத் தூர நின்றபடியே நீட்டினார். "போட்டுக்கிட்டு அந்தக் கதவுகிட்டப் போயி நில்லுங்க. நீங்க அப்ப ஊசி போட்டுக்கிட்டீங்கல்ல?"

"போட்டுக்கிட்டேன் மேடம். இங்கதான்."

பக்கத்தில் நின்ற நர்ஸ், "இங்க இல்ல மேடம், சார் கடலூர்ல போட்டுக்கிட்டாங்க" என்றார்.

"கடலூர்லயா? நான் எதுக்குக் கடலூர்ல போடறேன்? நீங்கதானம்மா போட்டீங்க!"

"நான் எங்க சார் போட்டேன்? ஸ்பிரிட்டு தொடச்சேன், நீங்க சாஞ்சிட்டீங்க. உழும்போது டிரே முனையில கை கிழிச்சிக்கிச்சு. அதுக்குத்தான் பஞ்சு வெச்சி ஒட்டுனேன். ஊசி பிரிட்ஜில அப்டியே இருந்துச்சு. உங்க டி.டி. இருக்குதுன்னு போன் பண்ணேனே, கடலூர்ல போட்டாச்சுன்னீங்களே! யாருக்குனா போட்டுடுங்கன்னீங்க. போட்டுட்டேன்."

"அது டெண்டர் டி.டி.ம்மா" என்றேன்.

விஷயம் இவ்வளவுதான். பழைய ரண ஜன்னி ஊசிக்கு டி.டி. என்று பெயர். அந்தக் குடும்பத்து ஊசி எதுவாக இருந்தாலும் நர்ஸுக்கு அது டி.டி.தான். எனக்கு டி.டி. என்றால் டிமாண்ட் டிராஃப்ட். இங்கிலீஷ்காரனுக்கு ஊசி TT, டிராஃப்ட் DD, இரண்டும் வேறு வேறு. நமக்கு இருப்பது ஒரே 'ட'. போதாததற்கு நாம் ஊசியையும் போடுகிறோம், டெண்டரையும் போடுகிறோம். பிற்பாடு இதைச் சொல்லிச் சொல்லி எவ்வளவோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த அறையில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

என் மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. மேசையில் கிடந்த மகளை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, என்னிடமிருந்து திரும்பி நின்றாள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவள் என்னிடமிருந்து எதையும் மறைத்துக்கொண்டு நின்றது அதுதான் முதல் தடவை.

"பெரியவங்களுக்குக் கக்குவான் வெறும் இருமலாப் போயிடும்" என்றார் டாக்டர். "இவ்ளோ சின்னக் குழந்தைக்கு வந்தா இருமக்கூடத் தெரியாது. மூச்சு நின்னு நின்னு வரும். பால் குடிக்காம இருந்தாலோ, உதடு நீலமானாலோ, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம கிளம்பி வந்துடணும்." என் மூக்கில் குச்சியை விட்டுப் பரிசோதனைக்கு எடுத்தார்கள். ரிசல்ட் வருவதற்குக் காத்திருக்காமல் எனக்கு மாத்திரை, குழந்தைக்குச் சொட்டாக ஒரு சிரப், மனைவிக்கும் மாமியாருக்கும் மாத்திரை எல்லாம் எழுதிக் கொடுத்தார்.

"மேடம், நான் போட்டுக்கிட்டது இவளக் காப்பாத்துமா?" என்று கேட்டாள் என் மனைவி.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன்மா. ஆனா நீங்க போட்டுக்காம இருந்திருந்தா இப்ப இவள உடனே அட்மிட் பண்ணச் சொல்லியிருப்பேன். போட்டிருக்கறதாலதான் வீட்டுக்கு அனுப்பறேன்."

வெளியே வந்து ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது, பத்தடி தள்ளி நின்ற என்னிடம் அவள் கேட்டாள். "ஏங்க, தனக்கு ஊசி போட்டாங்களா இல்லையான்னுகூடவா ஒரு மனுஷனுக்குத் தெரியாது?"

"வலிச்சுதே" என்றேன்.

"கீழ வுழுந்தா வலிக்கத்தான் செய்யும்."

அவர்கள் ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போனார்கள். நான் விருத்தாசலத்தில் தனியாகக் கிடந்தேன். ரிசல்ட் கக்குவான் என்றே வந்தது. போனில் அதை அவளிடம் சொல்லும்போது என் மகளுக்கு என் கையாலேயே விஷம் கொடுத்துவிட்டதாகத்தான் எனக்கு இருந்தது. தலை ஒரு உள்ளங்கையில் அடங்குகிற பெண். அவளுக்கு நான் எவ்வளவு முத்தம் கொடுத்திருக்கிறேன், எத்தனை தடவை முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். வெல்ல டப்பாவைத் தூக்கிக் குப்பையில் எறிந்தேன். எறும்புகளும் கூடவே போயின.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் மெஷினை நிறுத்தியதும் போன் பண்ணுவேன். "மூச்சு எப்படி இருக்குது?" என்பேன். அவள் போனை மகளின் மூக்குக்குப் பக்கத்தில் வைப்பாள். "கேக்குதா?" என்பாள். முதலில் ஒன்றும் கேட்காது. போனைக் காதில் அழுத்திக்கொண்டால், ரொம்ப லேசாக, சீராக, உஸ் உஸ் என்று வரும். "கேக்குது" என்பேன். அப்படியே கேட்டுக்கொண்டிருப்பேன். ஆட்கள் சாப்பிட்டு முடித்த பிறகும் மெஷினைப் போடாமல் வெளியே நின்றுகொண்டிருப்பார்கள். நான் போனை வைத்த பிறகுதான் உள்ளே வருவார்கள்.

ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். "ரெண்டு தடவ இருமினா. கிளம்பிட்டோம், கிளினிக்குக்கு வந்துடுங்க" என்றாள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போய் அவர்களுக்கு முன்பே வாசலில் நின்றேன். உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை. மாஸ்க் போட்டுக்கொண்டு வேப்ப மரத்தடியில் நின்று, எனக்குத் தெரிந்த சாமி பெயர்களையெல்லாம் சொன்னேன். தெரியாத சாமிகளையும் பொதுவாகக் கூப்பிட்டேன். இருமல் வந்தது. அடக்கிக்கொண்டேன். அந்த நேரத்தில் இருமினால் உள்ளே இருக்கிற மனைவிக்குக் கேட்டுவிடுமோ என்று வெட்கமாக இருந்தது.

வெகுநேரம் கழித்து என் மாமியார் வெளியே வந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஊசியே இல்லாமல் மயங்கி விழப்போகிறேன் என்று நினைத்தேன்.

"பாலு பொரையேறியிருக்குது மாப்ள. நெஞ்சு சுத்தமா இருக்குதாம். நல்லா பாத்துட்டாங்க" என்றார். அப்புறம் பத்தடி தூரத்தை மறந்து கிட்டே வந்து என் தோளில் கை வைத்தார். நான் பொது இடம் என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். மாஸ்க் நனைந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது.

மகளுக்கு அந்த இருமல் கடைசிவரை வரவே இல்லை. என்னுடையது பொங்கல் வரைக்கும் இழுத்தது. தொற்றாது என்று டாக்டர் சொல்லி, மகளைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்த பிறகும், சத்தம் மட்டும் போகவில்லை. இருமல் வந்தால் தெருக்கோடி வரைக்கும் ஓடிப்போய் இருமிவிட்டு வருவேன். அந்தத் தெரு நாய்கள் எனக்குப் பழக்கமாகிவிட்டன.

ஒன்றரை மாதத்து ஊசிக்கு மகளை அதே அறைக்குக் கொண்டுபோனோம். நர்ஸ் என்னைப் பார்த்ததும், "சார் மொதல்ல படுங்க" என்றார். எனக்கு அன்று ஊசியே கிடையாது. முழுசாகச் சரியான பிறகு வரச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் மரியாதையாகக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். என் மனைவி மகளை மடியில் வைத்துத் தொடையைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடாமல் பார்த்தேன். ஊசி உள்ளே போனது. மகள் ஒரு நொடி யோசித்துவிட்டு, வாய் முழுசாகத் திறந்து வீரிட்டாள். மூச்சு நிற்காமல், தடைபடாமல், அறையே அதிரும்படி அழுதாள். அவ்வளவு நல்ல மூச்சு. நான் மயங்கவில்லை.

"இனிமே இவளுக்குச் சொந்தமா எதிர்ப்புச் சக்தி ஆரம்பிச்சாச்சு" என்றார் நர்ஸ்.

என் கையில், டிரே முனை கிழித்த இடத்தில், இன்றைக்கும் ஒரு தழும்பு இருக்கிறது. யாராவது கேட்டால் இந்தக் கதையைச் சொல்வேன். அன்றைக்கு அந்தக் கட்டிலில் உட்கார்ந்தபடி என் மனைவியின் கையைப் பார்த்தேன். மகளைச் சமாதானப்படுத்தித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். ஏழாம் மாதத்தில் ஊசி போட்ட இடம் எது என்று தேடினேன். ஒரு புள்ளிகூட இல்லை.

"என்னத்தப் பாக்கறீங்க?" என்றாள்.

"நீ ஊசி போட்டுக்கிட்ட எடம் எதுன்னு பாத்தேன். ஒண்ணுமே இல்லியே."

அவள் மகளின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "அது எங்கிட்ட எங்க இருக்குது? இவகிட்ட குடுத்துட்டேனே."